நான்காவது விளக்கக் கடிதம்

டாக்டர் ரங்கெல் என்னிடம் கேட்டது நான்கே வரி. 'என் கவனக்குறைவால் இது நடந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்ததாம். பதிமூன்று வருஷமாக அவருடைய பல் மருத்துவமனையில் உதவியாளராக இருக்கிறேன். என் கவனத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துகொண்டேதான் கேட்டார்.

நடந்தது இதுதான். நவம்பர் எட்டு தேவதூதர்கள் திருநாள். ரங்கெல் என்று பெயருள்ளவர்களுக்கெல்லாம் அன்று பேர் நாள். எங்கள் பல்கேரியாவில் பிறந்தநாளுக்கு அழைத்தால்தான் போவோம். பேர் நாளுக்கு அழைப்பே கிடையாது. நினைவு இருக்கிறவர்கள் எல்லாம் வருவார்கள், வந்தவர்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. டாக்டரோ ஊர் முழுக்கப் பல் பார்த்தவர். காலை எட்டரையிலிருந்து கதவு சாத்தின பாடில்லை. சாக்லேட் பெட்டி, பூங்கொத்து, வீட்டில் காய்ச்சின ரக்கியா சாராயம் என்று ஒவ்வொருவராக சிகிச்சை அறைக்குள்ளேயே வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்கள். நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடப்பவரைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. கிடப்பவரும் அப்படியே கையை ஆட்டி வாழ்த்துச் சொல்லுவார். எங்கள் வழக்கம் அப்படி.

பதினோரு மணிக்கு நாற்காலியில் இருந்தவள் ஸ்தமேனா. தெருமுனை பேக்கரியில் விடிகாலையில் பனித்ஸா சுடுகிறவள். பாலாடைக்கட்டி வைத்து அவள் சுடுகிற பனித்ஸாவைத் தின்னாமல் இந்த ஊரில் யாரும் வேலைக்குப் போவதில்லை. அவளுக்குக் கீழ்க்கடைவாயில் ரூட் கேனால் செய்ய வேண்டும். தட்டில் இரண்டு சிரிஞ்சுகள் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றில் மரத்துப்போகிற மருந்து. இன்னொன்றில் பல்லின் வேரைக் கழுவுகிற குளோரின் தண்ணீர். இரண்டும் தண்ணீர் நிறம், ஒரே அளவு, ஒரே கடையில் மொத்தமாக வாங்கின ஒரே சிரிஞ்சு. பெயர் எழுதுகிற வழக்கம் இல்லை. இடப்பக்கம் இருப்பது மரக்கிற மருந்து, வலப்பக்கம் இருப்பது கழுவுகிற தண்ணீர். இருக்கிற இடம்தான் அடையாளம்.

அப்போது நகராட்சியிலிருந்து ஒருவர் பெரிய பக்லவா இனிப்புத் தட்டோடு உள்ளே வந்தார். வைக்க இடம் இல்லை. "அந்தத் தட்டைக் கொஞ்சம் திருப்பி வைங்க வெலிச்கா, இதுக்கு இடம் வரும்" என்றார் டாக்டர். திருப்பி வைத்தேன். இடது வலதானது. டாக்டர் பக்லவாக்காரரிடம் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார், நான் இடப்பக்கம் இருந்ததை எடுத்துக் கொடுத்தேன்.

ஸ்தமேனா போட்ட அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. அறையில் நீச்சல் குளத்து வாடை அடித்தது. அந்த நொடியே எனக்குப் புரிந்துவிட்டது, அவருக்கும் புரிந்துவிட்டது. பத்தே நிமிஷத்தில் அவள் முகத்தில் ஒரு பாதி வீங்கிக் கண் மூடிக்கொண்டது. மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பும்போது டாக்டர் சொல்லச் சொல்ல சீட்டில் நான் எழுதினேன்: மரக்கிற மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, ஒவ்வாமை. அவளுடைய மருத்துவ அட்டையிலும் அதையே சிவப்பு மையில் எழுதச் சொன்னார். இந்தக் கையால்தான் எழுதினேன். பயம். வேறென்ன சொல்ல?

மூன்று வாரம் கழித்து, வீக்கம் வடிந்துவிட்டது என்று தெரிந்த பிறகு, விளக்கக் கடிதம் கேட்டார். ஸ்தமேனா புகார் கொடுத்தால் காட்டுவதற்கு ஒரு காகிதம் வேண்டும் அல்லவா? அவளிடம் ஒவ்வாமை, ஃபைலில் என் கவனக்குறைவு. இரண்டு பக்கமும் அவர் தப்பித்தார். எழுதாவிட்டால் வேலையைப் பற்றி யோசிக்க வேண்டிவரும் என்றும் சொன்னார். எப்படி எழுதுவது என்று கேட்டேன். "சாம்பல் ஃபைல்ல பழசு இருக்கும். பாத்து அப்படியே எழுதுங்க" என்றார். அந்த ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்பதை அவரே மறந்துவிட்டிருந்தார்.

அதில் மூன்று கடிதங்கள் இருந்தன. நான்கு வருஷத்துக்கு முன் இல்கா என்கிற உதவியாளர் எழுதினது ஒன்று. அதற்கு முன்னால் நெவெனா என்கிற டாக்டர் எழுதினது ஒன்று. இரண்டுமே என் காதுக்கு வராமல் மூடப்பட்டவை. இரண்டிலும் அதே சிரிஞ்சு, அதே குளோரின் தண்ணீர், அதே 'என் கவனக்குறைவால், இனி கவனமாக இருப்பேன்'. மூன்றாவது பதினைந்து வருஷத்துக்கு முந்தையது, நான் சேர்வதற்கும் முன்னால். பழைய தலைமை டாக்டருக்கு எழுதினது. கையெழுத்து: ரங்கெல்.

நின்ற இடத்திலேயே மூன்று முறை படித்தேன். என்னோடு சேர்த்து நான்கு பேர், ஒரே தப்பு. ஏன் மாறியது என்று ஒருவரும் எழுதவில்லை, ஒருவரும் கேட்கவும் இல்லை. எங்கள் வீடுகளில் குளிர்காலத்துக்குப் போடுகிற மிளகாய் ஜாடி ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் ஒட்டியிருக்கும். டாக்டர் வீட்டு ஜாடிகளுக்கு ஒட்டுகிற லேபிள் சுருளே மருத்துவமனை அலமாரியில்தான் கிடக்கிறது. மிளகாய் மாறிப்போகக் கூடாது. மனுஷன் கன்னத்துக்குள் போகிறது மாறலாம். தூ.

டாக்டருடைய கடிதத்தை மட்டும் மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டேன். என்ன செய்வது என்று அப்போது தெரியாது.

ஒரு வாரம் கழித்து ஸ்தமேனா வந்தாள். அரைகுறையாக நின்ற பல் சீழ் பிடித்துவிட்டது, இனி பிடுங்கத்தான் வேண்டும். மாவட்ட நகரத்தில் இரண்டு டாக்டர்களிடம் போயிருக்கிறாள். இருவரும் சிவப்பு எழுத்தைப் பார்த்ததும் ஊசி போட மாட்டோம் என்று கைவிரித்துவிட்டார்கள். கையில் துணி மூடின பனித்ஸா தட்டு. டாக்டரிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"உங்க பேர் நாள் அன்னிக்குப் போயி என் உடம்பு இப்படிப் படுத்திடுச்சு டாக்டர். ஊசி வேணாம். சும்மாவே புடுங்கிடுங்க. ரெண்டு பெத்தவ, பொறுத்துக்குவேன்."

டாக்டர் ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு "சரி, உக்காரு. ரெண்டே நிமிஷம்தான்" என்று சொல்லிக் குறடைக் கையில் எடுத்தார்.

அவளுக்கு ஊசி போடலாம் என்று அவருக்குத் தெரியும். போட்டால் பொய் வெளியே வந்துவிடும். அதற்காக சீழ் வைத்த பல்லை உயிரோடு பிடுங்கத் துணிந்துவிட்டார். அவளோ நாற்காலியின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள்.

"குறடைக் கீழ வைங்க டாக்டர்" என்றேன். "ஸ்தமேனா, கண்ணைத் தொற. உனக்கு ஒவ்வாமையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. அன்னிக்கு உன் கன்னத்துல ஏத்தினது மருந்தே இல்ல. வேரைக் கழுவுற குளோரின் தண்ணி. மாத்திக் குடுத்தவ நான். ஒவ்வாமைன்னு எழுதினவளும் நான்தான்."

டாக்டர் என்னை வெளியே போகச் சொன்னார். நான் போகவில்லை. பையிலிருந்து கடிதத்தை எடுத்து, குறடு இருந்த தட்டில் விரித்து வைத்தேன். தன் கையெழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் சுண்டிவிட்டது. சக்கர முக்காலியில் உட்கார்ந்தார்.

"எனக்கு அப்போ இருபத்தாறு வயசு" என்றார். "எழுதலேன்னா வேலை இல்லேன்னாரு."

"எனக்கு அம்பத்தஞ்சு. நீங்களும் அதையேதானே சொல்றீங்க?"

ஸ்தமேனா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஊசி போடலாமா என்று கேட்டாள். போடலாம் என்றார் டாக்டர். ஒரு மாசமாகவே போட்டிருக்கலாமா என்று கேட்டாள். தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்றார்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும். "நான் பனித்ஸா வேற சுட்டு எடுத்துட்டு வந்தேன்" என்று மட்டும் சொன்னாள்.

அலமாரியிலிருந்து லேபிள் சுருளை எடுத்தேன். மருந்தை அவள் கண் முன்னால் சிரிஞ்சில் ஏற்றி, பெயர் எழுதி ஒட்டினேன். டாக்டர் கையை நீட்டினார். அதற்குள் ஸ்தமேனா வாங்கி, ஒரு சொட்டு தன் கையில் விட்டு மோந்து பார்த்தாள். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். ஊசி முனையை மட்டும் புதிதாக மாற்றிக் கொடுத்தேன், டாக்டர் போட்டார்.

மரக்க ஐந்து நிமிஷம் ஆகும். சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல் அவள் தட்டிலிருந்த கடிதத்தை எடுத்துப் படித்தாள். நான் அதற்குள் என்னுடைய கடிதத்தை எழுத உட்கார்ந்திருந்தேன். பேர் நாள், பக்லவா, திருப்பின தட்டு, பெயர் ஒட்டாத சிரிஞ்சு, சிவப்பு மை, எல்லாவற்றையும் எழுதப் போகிறேன், அதை மருத்துவச் சங்கத்துக்கும் அனுப்பப் போகிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். எழுதுகிற வேகத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமை கூட வந்துவிட்டது. அப்போதுதான் ஸ்தமேனா கேட்டாள்.

"இதுல ஒருத்தர் பேரு இருக்கே, வல்கோன்னு. அவருக்கும் ஒவ்வாமைன்னுதான் சொன்னீங்களா?"

என் பேனா நின்றது. நான்கு பேர் எழுதினார்கள் என்று கொதித்தேனே, நான்கு பேர் அந்த நாற்காலியில் கிடந்தார்கள் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. மூன்று கடிதங்களிலும் இருந்த பேர்களை வைத்துப் பழைய அட்டைகளைத் தேடி எடுத்தேன். மூன்றிலும் அதே சிவப்பு வரி.

"கூப்பிடுங்க" என்றாள் ஸ்தமேனா. உதடு மரக்க ஆரம்பித்து வார்த்தை குழறியது. "நீங்களே கூப்பிடுங்க டாக்டர். எனக்கும் கேக்கணும்."

டாக்டர் வல்கோவின் அட்டையிலிருந்த எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டார். நெடுநேரம் அடித்தது. வயசான ஒரு குரல் எடுத்தது, பின்னால் கோழிகள் சத்தம். டாக்டர் தன் பெயரைச் சொன்னதும் குரலில் சந்தோஷம்.

"அடடே, டாக்டர் தம்பியா? நல்லா இருக்கீங்களா? நான் மறக்கவே மாட்டேன். எனக்கு அந்த ஊசி ஆகாதுன்னு நீங்கதானே கண்டுபிடிச்சீங்க. இல்லாட்டி செத்தே போயிருப்பேன்னு வீட்டுல இன்னும் சொல்லுவா. அதுக்கப்புறம் ஏழு பல்லு புடுங்கியாச்சு, ஒண்ணுக்குக் கூட ஊசி போடவே விடல. என்ன விஷயம், சொல்லுங்க?"