பூஜ்ஜிய நொடியில் ஒரு தும்மல்

1

செத்துக் கிடந்த கணினியை ஒரே தும்மலில் எழுப்பியவன் நான். அந்தத் தும்மலில் ஜன்னல் திரை கிழிந்து தொங்கியது. எதிர்வீட்டுக் கார் பின்னால் நகர்ந்தது.

(கார் வரியை அடித்துவிடலாம். திரை வரி இருக்கட்டும்.)

இதை ஒருவன் நம்பவில்லை என்பதால் பிறந்த கதை இது. அவன் என் மனைவியின் தம்பி, கணினி பழுது பார்ப்பவன். அந்த அறையிலேயே நின்றிருந்தான், பாவி.

2

தொடக்கத்தை எழுதி எழுதி அலுத்துவிட்டது. ‘மழை பெய்துகொண்டிருந்த ஒரு’... மழையே இல்லை. ‘லினக்ஸ் என்பது’... நானே கொட்டாவி விட்டேன்.

நேராகவே சொல்கிறேன். லினக்ஸ் கணினியில் முதலில் விழிப்பது பூட் லோடர் என்ற சின்ன நிரல். எதைக் கிளப்பட்டும் என்று ஒரு பட்டியலைக் காட்டி, நம் பதிலுக்காக ஐந்து நொடி காத்திருக்கும். அந்த ஐந்து நொடி எனக்குப் பொறுக்கவில்லை. செட்டிங்ஸுக்குள் போய் அதைப் பூஜ்ஜியம் ஆக்கினேன்.

"ரிட்டயர் ஆன மனுஷனுக்கு அஞ்சு செகண்ட்ல எந்த ரயில் போயிடப்போகுது?" என்றாள் மனைவி.

அதோடு விட்டேனா? சோதனைக்காக நிறுவிய அரைவேக்காட்டு லினக்ஸை முதல் தேர்வாக வைத்தேன். அப்புறம் பட்டியலும் வரவில்லை, பழைய லினக்ஸும் வரவில்லை. கறுப்புத் திரைதான். உள்ளே, ஒரு பறவைப் புத்தகத்துக்காக அவள் வரைந்த படங்கள் அத்தனையும். வேறெங்கும் நகல் கிடையாது.

3

தம்பி வந்தான். அணைத்தான், போட்டான், கீயெல்லாம் தட்டினான். கடைசியில் பையிலிருந்து பென்டிரைவை எடுத்தான்.

"மொத்தமா அழிச்சுட்டுப் புதுசா போட்டாத்தான் உண்டுக்கா."

(பென்டிரைவிலிருந்தே கிளப்பிப் படங்களை நகலெடுத்திருக்கலாமே என்பீர்கள். எங்களுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதை ஏது?)

மனைவி அழுதாள் என்று எழுதி, அடித்தேன். அவள் அழவில்லை. கட்டைவிரலை நீவிக்கொண்டே, "அழிச்சுத் தொலைடா. திரும்ப வரையறேன். அந்த மரங்கொத்திதான் மறுபடி அப்படி அமையாது" என்றாள்.

தம்பி பென்டிரைவைச் செருகப் போனான். "கடைசியா ஒரு தடவை" என்று நானே கணினியைப் போட்டுவிட்டு, அவளிடம் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். வந்தது தும்மல். மூக்கு போய் விசைப்பலகையில் மோத, திரையில் பட்டியல் வந்து நின்றது! பழைய லினக்ஸைத் தேர்ந்தேன். மரங்கொத்தி பத்திரம். மனைவி பூஜ்ஜியத்தை அறுபதாக்கச் சொன்னாள். இப்போது தினமும் தேமே என்று காத்திருக்கிறேன்.

4

முடிவு ஒன்று: தம்பி என் காலில் விழுகிறான். (மனைவி அடித்துவிட்டாள்.)

முடிவு இரண்டு, தம்பி சொன்னது: "நான் தட்டினதுல வந்துச்சு அத்தான். தும்மலாம் தும்மல்!"

சலித்துப்போய், மூன்றாவதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்று பேனாவை மூடப் போனேன்.

கைப்பேசி அடித்தது. கடையிலிருந்து தம்பி.

"அத்தான், உங்களை மாதிரியே ஒருத்தர் ஜீரோ வெச்சுக் கொண்டாந்திருக்காரு. காலையில இருந்து தட்டறேன், வரமாட்டேங்குது."

"நீ தட்டினா வருமே மாப்ளே?"

அந்தப் பக்கம் இன்னும் நாலு கீ தட்டும் சத்தம் கேட்டது.

"சரி அத்தான், தும்மல்தான். என் கண்ணால பாத்தேன். மூக்கு எந்தக் கீயில பட்டுச்சு, அதைச் சொல்லுங்க."