நாலு அறைக்கு நாலு அட்டை

விதுரா ஊர்க் கடைகளிலிருந்து பதினோரு பாக்கெட் மண்டைப்புட்டு மாவு திரும்பி வந்தது. பிரித்துப் பார்க்கவே வேண்டாம், வெளியில் இருந்தே உள்ளே நடமாட்டம் தெரிந்தது. முதலாளி ராஜையன் அதில் ஒன்றை ஸ்டோர்காரர் சுடலைக்கண்ணுவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"வேய், இது என்னது?"

"வண்டு."

"அது எனக்குத் தெரியாதா? எங்கருந்து வந்துதுன்னு கேக்கேன். போன மாசம் வண்டு அரிச்சுக் கோழிப்பண்ணைக்குப் போனது எத்தனை மூட்டை! பயறு உம்ம கையில, சாவி உம்ம இடுப்புல. சனிக்கிழமைக்குள்ள வண்டு இருக்குத எடம் தெரியணும். இல்லேன்னா சாவியை பிஜுகிட்டக் குடுத்துட்டு நீரு லாரியில மூட்டை எறக்கும்."

அறுபத்தேழு வயதில் மூட்டை இறக்கச் சொன்னால்கூட சுடலைக்கண்ணு இறக்கிவிடுவார். பயறு வறுக்கிற பிஜு பயல் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு 'அங்க வையும், இங்க வையும்' என்று சொல்வானே, அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

ஆற்றுக்கால் பொங்காலை வந்தால் திருவனந்தபுரத்து ரோடெல்லாம் அடுப்பு. பொங்கலோடு மண்டைப்புட்டும் வைக்கிற பெண்கள் நிறைய. சிறுபயறை வறுத்துப் பொடித்து, வெல்லமும் ஏலக்காயும் சேர்த்து, பாக்கெட்டில் போட்டு அவர்களுக்கு விற்பதுதான் ராஜையனின் தொழில். போன வருஷம் பொங்காலைக்கு மூன்று நாள் இருக்கையில் பயறு தீர்ந்துபோய், பத்துப் பேர் நடுவில் சுடலைக்கண்ணு ஏச்சு வாங்கினார். அதனால் இந்த வருஷம் யாருக்கும் தெரியாமல் இரண்டு மூட்டையை ஒளித்து வைத்தார். ஸ்டோர் மூலையில் கெட்டுக் கிடக்கும் பழைய ஐஸ்பெட்டிக்குள்.

பொங்காலை முடிந்தது. பயறுக்கு இந்தத் தடவை தட்டுப்பாடு வரவில்லை. ஆனால் 'ஒரு மணி மிச்சமில்ல முதலாளி' என்று அவர் ஏற்கெனவே சொல்லித் தொலைத்துவிட்டார். இனி அந்த மூட்டைகளை எப்படி வெளியே எடுப்பது? கிடக்கட்டும் என்று விட்டுவிட்டார். ரப்பர் வைத்த மூடி, காற்றே போகாது, வண்டு எங்கே போகப் போகிறது? ஆகவே வண்டு வேறு அறையில்தான் இருக்கிறது. அவருக்கு முதலில் பிஜு மேல் சந்தேகம், பிறகு பாக்கிங் பார்க்கும் ஷிஜா மேல், அதற்கும் பிறகு முதலாளி மேலேயே சந்தேகம். தன் மேல் மட்டும் வரவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆதிரா வந்தாள். சாமான் வீணாகாமல் பார்க்க முதலாளி புதிதாக வைத்த பெண். படித்தது மலையாளம், வீட்டில் தமிழ். ஸ்டோர், வறுக்கிற அறை, பாக்கிங், மாடியில் முதலாளியின் ஆபீஸ் என்று நாலு வாசலிலும் பசை தடவிய மஞ்சள் அட்டை ஒவ்வொன்றைத் தொங்கவிட்டாள்.

"இது எதுக்கு பிள்ளே?"

"வண்டு வந்து ஒட்டும் அண்ணாச்சி. எந்த ரூம்ல கூடுதல் ஒட்டுதோ, அந்த ரூம்லதான் அதுக்கு வீடு. தினமும் சாயங்காலம் புது அட்டை மாத்துவேன்."

"ஓ! வண்டு வந்து அட்டையில கையெழுத்துப் போடுமோ?"

"போடும், அல்லாதே பின்னே?" என்று சிரித்துவிட்டுப் போனாள்.

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு வழக்கம்போல சுடலைக்கண்ணுதான் முதலில் கதவைத் திறந்தார். ஸ்டோர் வாசல் அட்டையில் எள்ளு தூவியதுபோல வண்டு. மற்ற மூன்றிலும் இரண்டும் மூன்றும்தான். வண்டு எங்கே பிறந்தது என்று அட்டைக்கு எப்படித் தெரியும்? பிஜு அறையில் பிறந்து இங்கே பறந்து வந்திருக்கும். வண்டைப் பிறந்த வீட்டுக்கே அனுப்புவது ஒரு தப்பும் இல்லை என்று தீர்மானித்து, ஸ்டோர் அட்டையை வறுக்கிற அறையில் மாட்டி, அங்கிருந்ததை இங்கே மாட்டினார். அட்டைக்குப் பின்னால் பென்சிலில் ஏதோ கிறுக்கியிருந்தது. அட்டை செய்த கம்பெனியின் பேராக இருக்கும், நமக்கென்ன.

எட்டு மணிக்கு பிஜுவின் அறையைக் கலைத்துப் போட்டார்கள். வண்டு இல்லை. விறகுக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி ஆறு பெட்டி வெல்லம் இருந்தது. கீழ்ப் பெட்டி இரண்டும் இளகி, எறும்புக்குக் கல்யாண விருந்து.

"லே பிஜு, இது யாருக்குலே? பேறுகாலத்துக்குச் சேத்து வச்சியா?" என்று சுடலைக்கண்ணு கேட்டார்.

பிஜு சாக்கை இழுத்து வெல்லத்தை மறுபடி மூடினான்.

வியாழக்கிழமை அட்டை பாக்கிங் அறைக்குப் போனது. அங்கேயும் வண்டு இல்லை. ஷிஜாவின் மேசைக்கு அடியில் பழைய சேலையில் சுற்றி நாலு டப்பா ஏலக்காய் இருந்தது. மணமெல்லாம் போய் வெறும் தோல்.

"ஏலக்காய்க்குக் குளிரும்னு சேலை உடுத்தி வச்சியாக்கும்!"

"அண்ணாச்சி, உங்க வாய்க்கு ஒரு பூட்டு போட்டா தேவலை" என்றாள் ஷிஜா.

சுடலைக்கண்ணுவுக்கு இந்த விளையாட்டு ருசித்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலை அட்டையோடு மாடி ஏறினார். எட்டு மணிக்கு ஆதிரா ஆபீஸ் அலமாரியைத் திறக்கச் சொன்னாள். ராஜையன் சாவியைக் காணோம் என்றார். ஷிஜா அவர் சட்டைப் பையைக் காட்டினாள். திறந்தால், தேதி முடிந்து கடைகள் திருப்பி அனுப்பிய பாக்கெட், இருநூறுக்கு மேலே. குழி தோண்டிப் புதைத்தாச்சு என்று அவர் எல்லாரிடமும் சொல்லியிருந்த பாக்கெட்.

"வீசதுக்குக் கை வரல்லடே" என்றார் ராஜையன் சுவரைப் பார்த்து. "நம்ம பேரு போட்டிருக்குல்லா?"

யாரும் சிரிக்கவில்லை. சுடலைக்கண்ணு மட்டும் இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆதிரா அவர் பக்கம் திரும்பினாள். "வண்டு மூணு நாளா ரூம் மாறுதே அண்ணாச்சி, மாறுறது வண்டா, அட்டையா?"

அட்டையைத் திருப்பிக் காட்டினாள். பின்னால் கிறுக்கியிருந்தது கம்பெனிப் பேர் இல்லை. மாட்டும்போதே அவள் மலையாளத்தில் 'ஸ்டோர்' என்று எழுதி வைத்ததாம். மூன்று நாளும் அதேதானாம்.

"தெரிஞ்சுதான் இருந்தியா பிள்ளே?" என்றார் சுடலைக்கண்ணு.

"முதல் நாளே தெரியும். பிஜு சேட்டன் ரூமையும் ஷிஜா சேச்சி மேசையையும் நான் சும்மா போய்த் துருவ முடியுமா? சண்டைக்கு வருவாங்க. நீங்க காரணம் தந்தீங்க. ஸ்டோர் எங்கயும் ஓடாதுன்னு விட்டு வச்சேன்."

எல்லாரும் ஸ்டோருக்கு இறங்கினார்கள். ஆதிரா நேரே ஐஸ்பெட்டிக்குப் போய், பின்னால் எட்டிப் பார்த்துவிட்டு, அதன் முன்னால் நின்றாள். "நீங்களே திறக்கிறீங்களா அண்ணாச்சி?"

"அதுல காத்தே போகாது" என்று சொல்லிக்கொண்டுதான் மூடியைத் தூக்கினார். குப்பென்று வண்டு அவர் மூஞ்சியில் அடித்தது. பயறு பாதி மாவாகிக் கிடந்தது. பெட்டிக்குப் பின்னால் வயர் போகிற ஓட்டை விரல் தண்டிக்கு இருந்தது. இத்தனை மாசமாக அந்தப் பக்கம் அவர் எட்டியே பார்க்கவில்லை. வண்டு பயறோடு வந்து, பெருகி, அந்த வழியாகச் சவுகரியமாக வேலைக்குப் போய் வந்திருக்கிறது.

"சாவியை இங்க எடுங்க" என்று பிஜு கை நீட்டினான்.

"உன் வெல்லத்துக்குக் கணக்குச் சொல்லிட்டு எடு" என்றார் சுடலைக்கண்ணு.

"நான் ஏன் ஒளிச்சு வச்சேன்? ஒரு பெட்டி கேட்டா நூறு கேள்வி கேப்பீங்க. நேத்துக் குடுத்தது எங்க, இன்னைக்கு எதுக்குன்னு. அடுப்புல பயறு கருகும், நீங்க அப்பமும் கேள்வி கேப்பீங்க."

"எனக்கும் அதேதான்" என்றாள் ஷிஜா.

"நூறு கேள்வி கேட்டே ஆறு பெட்டியை ஒளிச்சவன், கேக்காம விட்டா வீட்டுக்கில்லா கொண்டு போயிருப்பே?"

"அப்போ நீங்க ஒளிச்ச மூட்டையை யாரு கேள்வி கேக்கது?" என்றான் பிஜு.

சுடலைக்கண்ணு ஐஸ்பெட்டி மூடியை இழுத்துச் சாத்தினார். எல்லாரும் முதலாளியைப் பார்த்தார்கள். சனிக்கிழமை, சாவி, மூட்டை இறக்குவது என்று அவர் சொல்லியிருந்த பேச்சு எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. அவருக்கு அலமாரி ஞாபகம் வந்துவிட்டது. தொண்டையைக் கனைத்து, "நீயே சொல்லு பிள்ளே" என்று ஆதிராவிடம் தள்ளிவிட்டார்.

"சாவி அண்ணாச்சிகிட்டயே இருக்கட்டும்" என்றாள் அவள்.

சுடலைக்கண்ணு பிஜுவை ஒரு பார்வை பார்த்தார். இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"பூட்டை மட்டும் எனக்குத் தந்தா மதி, அது போதும். ஸ்டோர் திறந்தே கிடக்கட்டும். பழைய மூட்டை முன்னால, புது மூட்டை பின்னால. வேணும்கிறவங்க வேணும்கிறப்ப முன்னால உள்ளதை எடுத்துக்கட்டும். எப்பவும் கிடைக்கும்னா யாரு ஒளிச்சு வைப்பா?"

அவர் 'அய்யோ' என்பதற்குள் கதவில் தொங்கிய பித்தளைப் பூட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு அந்தப் பிள்ளை போய்விட்டாள்.

அன்று பகல் முழுக்க அவர் திறந்த கதவுக்கு எதிரே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பிஜு இரண்டு தடவை வந்து, முன்னால் இருந்ததை எடுத்துக்கொண்டு போனான். கேள்வி கேட்க வாயெடுத்த சுடலைக்கண்ணு இடுப்புச் சாவியைத் திருகிக்கொண்டார்.

சாயங்காலம் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறுவதற்கு முன்னால் பூட்டுக் கடைக்குப் போய், இடுப்புச் சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

"இதுக்கு ஏத்த பூட்டு ஒண்ணு வேணும்."

கடைக்காரர் சாவியைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார். "பூட்டைக் கொண்டாந்து சாவி கேக்கதுதானே வழக்கம்?"

"அது சாவி தொலைச்சவன் வழக்கம்" என்றார் சுடலைக்கண்ணு. "இருக்கா, இல்லியா? அதைச் சொல்லும்."