மாப்பிள்ளைச் சவரம்

பதினோரு வருடத்துக்குப் பிறகு ராஜதாஸுக்கு அண்ணன் வீட்டிலிருந்து போன் வந்தது. பேசியது அண்ணன் இல்லை. அண்ணன் மகள் லிஜி.

"சித்தப்பா, அந்தச் சவரக்கத்தி ஒங்ககிட்டதான உண்டு? திங்கக்கெழம அனூஜுக்குக் கல்யாணம். ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்கு வேணும்னு அப்பா கேக்கச் சொன்னாவ."

அனூஜ் லிஜியின் கூடப்பிறந்தவன். உண்டு என்றார் ராஜதாஸ். அவள் வைத்துவிட்டாள். வாருங்கள் என்று சொல்லவில்லை; ஆள் அனுப்பி வாங்கிக்கொள்கிறோம் என்றும் சொல்லவில்லை. அந்தச் சொல்லாத இடத்தைப் பிடித்துக்கொண்டு ராஜதாஸ் அன்று முழுக்கப் பாறசாலைக் கடைத்தெருவில் சும்மாவே நடந்தார்.

நேரில் வந்து விளிக்காத கல்யாணத்துக்கு அந்தப் பக்கத்தில் யாரும் போக மாட்டார்கள். அண்ணன் ஞானசிகாமணியோ வந்து விளிக்கிற ஆள் இல்லை. இரண்டு பேர் பங்குக்கும் எல்லையில் நின்ற ஓர் அயனி மரத்தை ராஜதாஸ் கேட்காமல் வெட்டி விற்றதில் தொடங்கிய பிணக்கு அது. அண்ணன் வீட்டையே விற்றுவிட்டுக் காஞ்சிரங்குளத்துக்குப் போய்விட்டார். அப்பன் சொத்தைப் பாகம் வைத்தபோது எல்லாம் பாதி பாதியானது. வீம்பு மட்டும் ஆளுக்கு முழுசாகக் கிடைத்தது. மூன்று வருடம் முன்பு ராஜதாஸின் மனைவி சுகுமாரியை அடக்கம் செய்த அன்று அண்ணன் கல்லறைத் தோட்டத்து கேட் வரைக்கும் வந்து நின்றார். ராஜதாஸ் பார்த்தார். போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம், போகவில்லை. அண்ணன் திரும்பிப் போனார். பிள்ளைகளும் இல்லாத அந்த வீட்டில் பிறகு அவரும் டிவியும்தான்.

ஆனால் கத்தி இருந்தது. கொழும்புக்கு வேலைக்குப் போன அப்பன் கொண்டுவந்த மடக்குக் கத்தி, கொம்புப் பிடி போட்டது. கல்யாணத்துக்கு முந்தின நாள் மாப்பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, அந்தக் கத்தியால் கன்னத்தில் முதல் இழுப்பு இழுக்க வேண்டியது சித்தப்பன். மிச்சத்தைச் சவரக்காரர் பார்த்துக்கொள்வார். அவர்கள் குடும்பத்து வழக்கம் இது. அதனால்தான் கத்தி இளையவன் கையில் தங்கியது. கத்தி போனால் கூடவே கையும் போக வேண்டுமல்லவா? ராஜதாஸுக்கு அண்ணன் வீட்டுப் படியேற அதைவிட்டால் வேறு வழி இல்லை.

எடுத்துப் பார்த்தால் ஒரே துரு. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினார். மண்ணெண்ணெயில் ஊறவைத்தார், தேங்காய் நாரில் சாம்பல் தொட்டுத் தேய்த்தார், பிடிக்கு எண்ணெய் பூசினார். சனிக்கிழமை காலையில் கத்தியில் அவர் முகமே தெரிந்தது. கடைசியாகப் பார்த்தபோது அனூஜுக்குப் பதினாறு வயது, மீசை அரும்பாத பயல். கத்தியைக் கண்டால் பயப்படுவான், நுரையை நன்றாகப் போட வேண்டும் என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். சுகுமாரி போன பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

கத்தி ஓரத்தில் துரு அரித்த ஒரு சின்னப் பல் மட்டும் மிச்சம். தீட்டுக்கல்லில் பொறுமையாகத் தேய்த்திருந்தால் சாயங்காலத்துக்குள் போயிருக்கும். ஆனால் அந்த வட்டாரத்து ரப்பர் பால் வெட்டுகிறவர்கள் அத்தனை பேரும் கத்தி சாணை பிடிக்க வருவது ராஜதாஸிடம். இருபது வருடம் பழகிய கை சொன்னபடி கேட்குமா? மின்சாரச் சாணையை ஓடவிட்டு ஒரே ஒரு தொடு தொட்டார். ரப்பர் கத்தி தடிமன், தாங்கும். இதுவோ பூண்டுத் தோல் மாதிரி மெலிசு. கண் முன்னாலேயே ஓரம் நீலமாகியது. சூடாகிவிட்டதே என்று, அதுவும் பழக்க தோஷம்தான், பக்கத்தில் தேங்காய்ச் சிரட்டையில் இருந்த தண்ணீரில் முக்கினார். டிக் என்று ஒரு சத்தம். வெளியே எடுத்தபோது நகமளவு துண்டு காணோம்.

சிரட்டைக்குள் விரலை விட்டுத் தேடினார். கிடைத்தது. ஒட்டாது என்று தெரிந்தும் ஓரத்தில் பொருத்திப் பார்த்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யாரும் இல்லாத வீட்டில் அழவும் அவருக்கு வெட்கமாக இருந்தது.

மரத்தை வெட்டினவன் கத்தியையும் உடைத்தான் என்று அண்ணன் சொல்வார். கல்யாண வீட்டில் நாலு பேர் முன்னால் அதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவரால் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லிஜி மறுபடி கூப்பிட்டாள்.

"கத்தி காணேல மக்கா. எல்லா எடமும் தேடியாச்சு" என்றார் ராஜதாஸ்.



"செரி, நான் சொல்லாம். அப்பா இங்கதான் நிக்காவ."

திங்கட்கிழமை ராஜதாஸ் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, எங்கும் போகாமல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் லிஜி போட்டோ அனுப்பினாள். கோட்டும் சூட்டுமாக மாப்பிள்ளை. முகத்தில் காதிலிருந்து காது வரைக்கும் கறுகறுவென்று தாடி, அழகாகக் கத்தரித்துவிட்டது. ஒரு வாரத்தில் வளர்கிற தாடி இல்லை அது. அவளைக் கூப்பிட்டு, அனூஜ் சவரம் செய்யவில்லையா என்று கேட்டார்.

"அவனுக்கு ரெண்டு வருசத்துத் தாடியாக்கும் சித்தப்பா. அதத் தொட ஒருத்தரையும் விடமாட்டான். அப்பாக்கும் தெரியும்." பிறகு அவளே சொன்னாள். "காணேலன்னு நீங்க சொன்ன பெறவும், நேத்து சாயங்காலம் ஒங்க பக்கத்து ஆளுவ வந்து எறங்குற நெய்யாற்றின்கரை பஸ் வாற நேரமெல்லாம் அப்பா ரோட்டுல போய் நின்னாவ."

ராஜதாஸ் போனை வைத்தார். நல்ல கத்தியோ உடைந்த கத்தியோ, ஒரு கத்தியும் இல்லாமலோ அவர் போயிருக்கலாம். அண்ணன் இரண்டாவது தடவையாகப் பாதி வழி வந்து நின்றிருக்கிறார். இரண்டாவது தடவையாகவும் ராஜதாஸ் போகவில்லை.