பிரேக்கில் இருந்தவள்

ஓசூரில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் ஆறு வருஷமாக நான் காண்ட்ராக்ட். பன்னிரண்டு பேரை நிரந்தரமாக்கப் போகிறார்கள், இன்டர்வியூ ஆங்கிலத்தில் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒயர் கட்ட ஆங்கிலம் எதற்கு என்று கேட்கவா முடியும்? பஸ் ஸ்டாண்டு பக்கத்து மாடியில் தௌசிப் சாரின் ஞாயிற்றுக்கிழமை ஆங்கில வகுப்பில் சேர்ந்தேன்.

“அடுத்த அஞ்சு வருசம் என்னா பண்ணுவீங்கன்னு கண்டிப்பா கேப்பாங்க வினோதா,” என்றார் சார். அதைச் சொல்ல ஆங்கிலத்தில் மூன்று வழி வைத்திருக்கிறார்கள். வாக்குக் கொடுப்பதென்றால் ‘ஐ வில் ஒர்க்’. முன்பே மனசில் முடிவு பண்ணியதென்றால் ‘ஐ ஆம் கோயிங் டு ஒர்க்’. நாளும் இடமும் குறித்தாகிவிட்டது என்றால் ‘ஐ ஆம் ஒர்க்கிங்’.

கம்பெனி பஸ்ஸில் ஒரு மாதம் மூன்றையும் முணுமுணுத்துக்கொண்டே போனேன். முதலாவது கெஞ்சுவது மாதிரி இருந்தது, மூன்றாவது திமிர். நடுவில் இருப்பதே எனக்குப் பொருத்தம். ஆறு வருஷத்து முடிவல்லவா!

இன்டர்வியூ அன்று கேட்டில் கார்டை வைத்தால் சிவப்பு விளக்கு. செக்யூரிட்டி ஆஞ்சப்பன் அண்ணன் கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

“உனக்கு பிரேக்கு ஓடுதேம்மா. இன்னிக்கி வேலையில இருக்கறவங்க பேருதான் இன்டர்வியூ லிஸ்ட்ல வந்திருக்குது.”

“பத்து நாள் பிரேக்குதாண்ணா. ஆறு வருசமா இங்கதான இருக்கறேன்?”

“எனக்குத் தெரியும்மா. கம்ப்யூட்டருக்குத் தெரியலியே.”

பதினோரு மாதத்துக்கு ஒருமுறை எங்களைப் பத்து நாள் வெளியே நிறுத்திவிட்டு மறுபடி சேர்ப்பார்கள். தொடர்ந்து வேலை செய்ததாக எங்கேயும் பதிவாகக் கூடாதாம். பிரேக்கில் வேலைதான் இருக்காது, நான் இருப்பேன் என்று நினைத்த என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும். எங்கள் ஊர் மத்தூர் போய்ச் சேரும்வரை பஸ்ஸில் அழுகையும் ஆத்திரமுமாகவே போனேன்.

பதினோராம் நாள் புதுக் கார்டுக்கு வரிசையில் நின்றேன். ‘முன் அனுபவம் இல்லை’ என்று அவர்களே நிரப்பிய ஆங்கிலப் படிவத்தை நீட்டினார்கள். இதற்கு முன் ஆறு தடவை காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறேன். இப்போது ஆங்கிலம் தெரிந்தவளாயிற்றே, படித்தேன். நிரந்தர வேலை கேட்டு எந்தக் காலத்திலும் வரமாட்டேன் என்று நானே சொல்வதாக எழுதியிருந்தது.

“என்னா, படிச்சிக்கினு நிக்கற? பின்னால எவ்ளோ பேரு நிக்கறாங்க பாரு,” என்று காண்ட்ராக்டரின் ஆள் திம்மராயன் பேனாவை நீட்டினார்.

கையெழுத்துப் போட்டேன். ஆறு தடவை எழுதிக் கொடுத்த வாக்கை மீறத்தான் ஒரு மாதம் ஆங்கிலம் படித்திருக்கிறேன். நல்ல வேளை, கம்பெனி என்னை வாக்குத் தவறவிடாமல் காப்பாற்றிவிட்டது.