வெளிச்சம் வருதுல்லா

…வெளிச்சம் வருதுல்லா, பிறகென்ன, என்று அத்தனை பேர் முன்னால் கேட்டாரே, வெளிச்சம் வந்தால் போதுமா, வருவது வேறு, வந்ததைப் பிரித்துப் படிப்பது வேறு, இத்தனை வருடம் நெட்வொர்க் மேனேஜராக இருக்கிற சிவசுப்பிரமணியன் சாருக்கு அது தெரியாதா, தெரியும், தெரிந்துதான் கேட்டார்… விஜிலா கிரேனின் காலடியில் இருந்த தகரக் கேபினுக்குள் குந்தியிருந்தாள். வெளியே துறைமுகத்து வெயில் தகரத்தை வறுத்துக்கொண்டிருந்தது. கண்ட்ரோல் ரூமிலிருந்து ஃபைபர் வழியாக வரும் ஒளியை மீட்டர் வைத்துப் பார்த்தாகிவிட்டது, ஒரு குறையும் இல்லை. லேப்டாப் திரையில் மட்டும் அதே வரி, பிளாக் லாக் இல்லை, பிளாக் லாக் இல்லை… அந்த ஒளிக்குள் பூஜ்யமும் ஒன்றும் இடைவெளியே இல்லாமல் ஓடி வருகின்றன, எங்கே ஒரு பிளாக் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று யாரும் கோடு போட்டு அனுப்புவதில்லை. ஒவ்வொரு பிளாக்கின் தலையிலும் இரண்டு பிட் இருக்கும், அவை எப்போதும் வேறு வேறாகத்தான் இருக்கும், அது ஒன்றுதான் அடையாளம். வாங்குகிற பெட்டி ஓரிடத்தைத் தலை என்று வைத்துப் பார்க்கும், இரண்டும் ஒன்றுபோல வந்தால் தப்பு, ஒரு பிட் தள்ளி மறுபடி பார்க்கும், விடாமல் சரியாக வந்தால்தான் நம்பும், அதற்குப் பெயர்தான் லாக். இந்தப் பெட்டி நேற்றிலிருந்து தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. சார் ஒரு தடவையாவது வந்து பார்த்தாரா?

நேற்றுக் காலையில் இவள் ஃபைபர் முனையைத் துடைத்தாள், மத்தியானம் லிங்க் போனது, முடிந்தது கதை. லிங்க் போனதும் கிரேன் நின்ற இடத்தில் நின்றது, அப்படித்தான் நிற்கவேண்டும், ஆனால் கன்டெய்னர் தலைக்கு மேல் தொங்கும்போது லாரிக்குள் இருக்கிறவனுக்கு அது தெரியுமா? லாரி டிரைவர் மாரிராஜ் அண்ணன் பயந்துபோய்க் குதித்தார், கணுக்கால் உடைந்தது. அவர் போட்ட சத்தம் இன்னும் காதில்… “விஜிலா கை வச்ச பிறகுதான் போச்சு, கண்ட்ரோல் ரூம் பக்கம் யாரும் எதையும் தொடல,” என்று இன்று காலை மீட்டிங்கில் சார் சொன்னார், குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை. இவள் வாயைத் திறந்ததும், நீ கிரேனுக்குப் போ, அங்கன போய்ச் சரிபண்ணு என்று துரத்திவிட்டார். யாரும் தொடல, யாரும் தொடல… தொடாமல் எப்படி? இந்த முனை சுத்தம், ஒளி சுத்தம், ஆனாலும் ஒரு தலைகூடச் சிக்கவில்லை என்றால், இந்தப் பக்கம் எண்ணுகிற வேகத்தில் அந்தப் பக்கம் அனுப்பவில்லை என்றுதானே அர்த்தம்? சே, அவர் பேச்சை நம்பி அரைநாளைத் தொலைத்தேனே. கண்ட்ரோல் ரூமில் இருந்த ஜூனியர் எஸ்றாவைப் போனில் கூப்பிட்டாள்.

“எஸ்றா, அந்தப் பக்கம் ஸ்பீடு எத்தன ஜிகாபிட்னு போட்டிருக்கு, பாத்துச் சொல்லு.”

“இருபத்தஞ்சுக்கா.”

“பத்துதானல இருந்துச்சு?”

அவன் குரலைத் தாழ்த்தினான். “நேத்து மத்தியானம் ஃபைபர் செருகுற புது மாட்யூல் வந்துச்சுல்லாக்கா… சார்தான் மாத்திப் பாக்கச் சொன்னாங்க.”

“மீட்டிங்ல நீயும் இருந்தியேல!”

“சார் நிக்கும்போது நான் எப்படிக்கா சொல்லுவேன்?”

திட்டத்தான் நினைத்தாள், வாய் வரை வந்தது, பத்துக்கு இறக்கு என்று மட்டும் சொன்னாள். திரையில் அந்த வரி மாறியது, லாக் விழுந்தது, விழுந்த லாக் போகவில்லை. மேலே கிரேனின் மோட்டார் உறுமியது. சந்தோஷம் வரும் என்று நினைத்தாள், வந்தது கோபம்தான், முன்னைவிட அதிகமாக. சிவசுப்பிரமணியன் சாரே கூப்பிட்டார். “சரியாயிட்டுல்லா, விடும்மா, அவசரத்துல சொல்ல மறந்துட்டேன்.” மறந்துவிட்டாராம்! “மாரிராஜ் அண்ணன்கிட்ட இத யார் சார் சொல்லுவா? நீங்களா, நானா?” போனை வைத்துவிட்டார். நான் சொல்லுவேன், சாயங்காலமே ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சொல்லுவேன், மீட்டிங்கில் இருந்த ஒவ்வொருத்தரிடமும் சொல்லுவேன்…

ஜெஸ்டினைக் கூப்பிட்டாள். கணவன் கப்பலிலிருந்து லீவில் வந்து வீட்டில் இருந்தான். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் கொட்டினாள், மாட்யூல், ஸ்பீடு, எஸ்றா, மறந்துட்டேன் என்று சொன்ன அந்த ஆள்… அவன் கேட்டுக்கொண்டே இருந்தான், பிறகு உண்மையான ஆச்சரியத்தோடு சொன்னான்:

“அப்ப நெசமாவே நீ பண்ணலையாளா?”

கேபின் வாசலில் கன்டெய்னரின் நிழல் மெல்ல நகர்ந்து போனது. நேற்று வீட்டுக்குப் போய் அழுதபோது, விடுளா, எல்லாருக்கும் நடக்கதுதான் என்று தலையைத் தடவிக்கொடுத்தான், அதை அவள் ஆறுதல் என்று நினைத்து அவன் தோளிலேயே தூங்கிப்போனாள். நடக்கதுதான் என்றால்… நான்தான் செய்தேன் என்று முடிவு செய்துகொண்டா தடவினான், ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லையே? சிவசுப்பிரமணியனாவது பொய் என்று தெரிந்து சொன்னார். “ஏளா, விஜி, லைன்ல இருக்கியா?” என்றான் ஜெஸ்டின். நேற்று மட்டும்தானா, இல்லை, அவன் ஒன்றும் கேட்காமல் தலையைத் தடவிய மற்ற நாட்களிலும்…