ஞானஸ்நானப் பதிவில் இல்லாத கறுப்பையா

கோயிலின் பங்கு அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் ஜெயராணி ஆறாவது பதிவுப் புத்தகத்தையும் மூடினாள். எதிரே கதிரை நுனியில் பேச்சியம்மா உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் கறுப்பையா நேற்று இறந்துபோனார். தன் அம்மாவுக்குப் பக்கத்தில் புதைக்க வேண்டும் என்பதுதான் அவர் கடைசியாகக் கேட்டது. பிலிமத்தலாவைக்கு மேலே, தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே இருக்கும் அந்தக் கத்தோலிக்கக் கோயிலின் சேமக்காலையில், கல்லறை நிலத்தில், இடம் குறைவு. ஞானஸ்நானப் பதிவு இருந்தால்தான் குழி வெட்டலாம் என்பது பங்குச் சபையின் விதி. அடக்கம் நாலு மணிக்கு. இப்போதே பதினொன்று.

"கறுப்பையான்னு ஒருத்தரும் இல்லீங்கம்மா. பொறந்த வருசமாவது சரியா தெரியுமா?"

"அடையாள அட்டையில இருக்கிறது தோட்டத்துக் கங்காணி குத்துமதிப்பா சொன்னது பிள்ள."

தகப்பன் பெயரை வைத்துத் தேடலாம் என்றால், பக்கத்துக்கு இரண்டு மாரிமுத்து; அவர்களில் யாருடைய பிள்ளைக்கும் கறுப்பையா என்று பெயரில்லை. அந்தக் காலத்தில் இத்தாலியிலிருந்து வந்த துறவிகள் தோட்டம் தோட்டமாக நடந்துபோய், ஒரே நாளில் முப்பது பிள்ளைகளுக்குக்கூட ஞானஸ்நானம் கொடுத்திருந்தார்கள். ஜெயராணிக்கு விளங்காத விஷயம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஏதோ ஓர் இத்தாலி ஊர்ப் பெயர். தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்த பிள்ளைக்கு அந்த ஊர் எதற்கு?

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதமே ஆன பாதர் திருச்செல்வம் உள்ளே வந்ததும் அதைக் கேட்டாள்.

"அது உபகாரியின்ர ஊர், பிள்ளை. அங்க ஒரு குடும்பம் மிஷனுக்கு உதவி செய்தா, அவை சொல்லுற பேரைத்தான் இங்க ஒரு குழந்தைக்கு வைப்பினம். வருஷா வருஷம் அந்தப் பிள்ளைக்கு வாழ்த்தும் அனுப்புவினம்."

பேச்சியம்மா நிமிர்ந்தாள். "ஏசு பொறந்த நத்தாருக்குக் கார்டு வருமா சாமி? மாமியார் பொட்டியில ஒம்போது கார்டு கெடந்திச்சு. எல்லாத்துலயும் மேல லூயிஜின்னு போட்டிருக்கும். அனுப்புற தொரை பேருன்னு நெனச்சு, அவரு நல்லாருக்கணும்னு எங்க மாமியார் சாவுற வரைக்கும் மெழுகுவர்த்தி கொளுத்துனாங்க."

"மேல எழுதுறது, கார்டு யாருக்கு வருதோ அவற்ர பேரம்மா."

ஜெயராணி அதற்குள் புத்தகங்களை மறுபடி திறந்து லூயிஜியைத் தேடினாள். மூன்று லூயிஜிகள் இருந்தார்கள்.

"மாமியார் பேரு?"

"வள்ளியம்மா."

மூன்றாவது லூயிஜிக்குத் தகப்பன் மாரிமுத்து, தாய் வள்ளியம்மா. கறுப்பையா பிறந்த தோட்டமும் அதுவே.

"அப்ப பெத்த மகனுக்குத்தான் கொளுத்தியிருக்காங்க," என்றாள் பேச்சியம்மா. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

பாதர் குழி வெட்டுபவரைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லிவிட்டுத் திரும்பினார். "செபத்தில லூயிஜி எண்டுதான் சொல்ல வேணும், அம்மா."

"அம்பது வருசம் கூட இருந்தேன் சாமி. அந்தப் பேருல கூப்பிட்டா வேற யாரையோன்னு அப்பிடியே படுத்திருப்பாரு. மொதல்ல கறுப்பையான்னு சொல்லுங்க. பொறவு மத்ததச் சொல்லுங்க."

"ஓம், அப்பிடியே சொல்லுறன்," என்றார் பாதர்.