கேட்ட டெஸ்ட் மட்டும்

மாட்டுத் தீவனத்தை அமிலத்தில் கொதிக்கவைத்து, அதிலுள்ள நைட்ரஜனை அளந்து, அதை ஆறேகாலால் பெருக்கினால் புரதம் எத்தனை சதவீதம் என்று தெரிந்துவிடும். திருத்தணி பைபாஸ் ரோட்டிலிருந்த தனியார் சோதனைக்கூடத்தில் கெமிஸ்ட் வெங்கடேசனுக்கு அன்றாடம் இதுதான் வேலை. அன்றைக்குக் கிருத்திகை, மலைக்குப் போகும் கூட்டத்தால் வெளியே ஒரே இரைச்சல்.

உள்ளே கணக்கு உதைத்தது. சோதனைக்கு வந்திருந்த, பாதிக்குமேல் தவிடும் கடலைத் தோலுமாக இருந்த தீவனத்தில் முப்பத்திரண்டு சதவீதப் புரதம் எங்கிருந்து வரும்? யூரியாவைக் கலந்திருக்கிறார்கள் என்று அவனுக்குப் புரிந்துபோயிற்று. யூரியாவிலும் நைட்ரஜன் உண்டு; அளவு மிஞ்சினால் அது மாட்டுக்கு விஷம். கொதிக்கிற அமிலத்துக்கு எது புரதம், எது உரம் என்கிற பேதமெல்லாம் கிடையாது. புரதத்தைத் தனியாகப் பிரித்தெடுத்து அளந்தால்தான் குட்டு வெளிப்படும்.

முதலாளி ஜெகநாதனிடம் போய்ச் சொன்னான். அவர் தலையை நிமிர்த்தவேயில்லை. தீவனக் கம்பெனி பஞ்சாட்சரம் நமக்குப் பெரிய பார்ட்டி, அவர் கேட்டது ஒரு டெஸ்ட், அதை மட்டும் செய்து கொடு, அதில் பொய்யொன்றும் இல்லையே என்றார். பொய் இல்லைதான். வேலை போய்விடுமோ என்று நடுங்கிக்கொண்டிருந்தவனுக்கு அந்தச் சமாதானம் போதும். கையெழுத்துப் போட்டான். மனசாட்சி நாலு நாள் முணுமுணுத்தது, சம்பளம் வந்ததும் அடங்கிவிட்டது.

பள்ளிப்பட்டில் அவன் அக்கா பிரேமா, புருஷன் போனபிறகு ஒற்றைக் கறவை மாட்டை வைத்துக் குடும்பத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஒரு காலையில் அவளிடமிருந்து போன். மாடு நுரை தள்ளிக்கொண்டு, உடம்பு வெட்டிவெட்டி இழுக்கிறதாம். பைக்கில் பறந்து போனான். அவன் போய்ச் சேர்வதற்குள் அது வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது. கால்நடை டாக்டர் கனிமொழி தீவன மூட்டையைக் காட்டி, யூரியா விஷமாகத்தான் இருக்கவேண்டும் என்றார். மூட்டையில் பஞ்சாட்சரத்தின் கம்பெனிப் பெயர். அதற்குக் கீழே, சோதித்துக் கொடுத்ததாக வெங்கடேசனின் சோதனைக்கூடப் பெயர்.

பிரேமா அழவில்லை. "நீ வேல செய்ற எடத்துப் பேரு போட்டிருந்திச்சி. அத்தப் பாத்துதான்டா வாங்கினு வந்தேன். புரதம் கீதுன்னு எழுதிக்கீதே, நீ பாக்கலியா?" என்றாள்.

பார்த்தது நைட்ரஜனைத்தான், கம்பெனி கேட்டது அவ்வளவுதான் என்று தரையைப் பார்த்தபடி விளக்கினான். யூரியா இருந்தது உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். அவளிடம் பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"தெரியும்க்கா."

அவள் மாட்டின் கழுத்துக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். அவன் டாக்டர் பக்கம் திரும்பி, மூட்டையிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தாருங்கள், புரதத்தைத் தனியாகப் பிரித்துப் பார்த்து நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், வேலை போனாலும் போகட்டும் என்றான்.

"போட்டுக் குடு. அடுத்த வூட்டு மாடாவது பொழைக்கட்டும்," என்றாள் பிரேமா, அவன் முகத்தைப் பார்க்காமல். "விக்கிறவன் கேட்டதுக்குப் பதில் சொல்லிட்ட. துன்னப் போறது யாருன்னு நெனைக்கலியே. தெரிஞ்சினே வாய மூடிகினு கையெழுத்துப் போடறதும், மாட்டுத் தொட்டில விஷம் கலக்கறதும் ஒண்ணுதான்டா."